முப்பத்தாறு இருந்த இடத்தில் எழுபத்திரண்டு

“கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு, நல்லா இழுக்கும்.”

போன மாதம் நான் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் இன்னொருவரிடம் இப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது. ஏ.சி.யில் மாற்றவேண்டிய ரன் கெபாசிட்டரைப் பற்றிய பேச்சு. சொன்னவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து போனது அதனால்தான். பெரியவருக்கு வயசாகிவிட்டது, சட்டென்று கோபம் வருகிறது என்று பேசிக்கொண்டீர்களாம். வயசும் ஆகிவிட்டது, கோபமும் வருகிறது, இரண்டும் உண்மை. அந்த வார்த்தையை இதே கள்ளக்குறிச்சியில், இதே தெனாவட்டோடு ஒருநாள் நான் சொன்னேன். அதனால் ஒரு மனிதருக்கு வேலை போக இருந்தது.

இன்னொரு கோபமும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, மாலை போட்டு, மேடையில் ஒருவர் பேசினார். “தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒரு ஏழை ஊழியரைக் காப்பாற்றியவர் நம் அண்ணன்” என்றார். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் குத்திக்கொண்டே இருக்கிறது. நடந்தது என்னவென்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் தட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வருடம் சாலை மறியல் நாள்கணக்கில் நீடித்தது. சாலையோரப் புளியமரங்கள் வெட்டப்பட்டு குறுக்கே கிடந்தன. சேலத்துக்கும் பஸ் இல்லை, விழுப்புரத்துக்கும் பஸ் இல்லை. ஒரு ஸ்பேர் வேண்டுமென்றால் அப்போதெல்லாம் சேலம்தான் போகவேண்டும்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். ஏ.சி., ஃபிரிட்ஜ், குளிர் அறை எல்லாம் பார்ப்போம். ஆனால் தொழில் கற்றது நைனார்பாளையத்தில், பம்புசெட் மோட்டாரில். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்க எங்கள் பக்கத்தில் மூன்று ஃபேஸ் கரண்டு சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் இரண்டு ஃபேஸ்தான். அந்த இரண்டை வைத்துக்கொண்டே மோட்டாரை ஓட்ட, விவசாயிகள் ஒரு பெரிய கெபாசிட்டரை மாட்டுவார்கள். கண்டென்சர் என்பார்கள். மோட்டார் திணறினால் இன்னும் பெரியதாக மாட்டுவார்கள். பயிர் காய்கிறபோது மோட்டாரின் ஆயுளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? எரிந்தால் உள்ளே இருக்கும் காயிலை, அந்தக் கம்பிச் சுருளை, மறுபடி கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டிக் கட்டித்தான் எனக்குக் கை பழகியது. ‘ஜாஸ்தி போட்டா நல்லா இழுக்கும்’ என்பதும் அந்தக் கிணற்றடிகளில் பழகிய வார்த்தைதான். கிணற்றடியில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஏ.சி. வேலைக்கு வந்த பிறகும் அதை நான் கூடவே சுமந்து வந்ததற்கு எந்த நியாயமும் கிடையாது.

வடக்கனந்தலுக்கு முன்னால், மலைக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக் கிடங்கு இருந்தது. உள்ளே ஒரு சின்னக் குளிர் அறை. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகள் அங்கேதான் இருக்கும். கல்வராயன் மலை ஊர்களுக்கும் அங்கிருந்துதான் போகும். அந்தக் குளிர் அறையின் மிஷின் எங்கள் பட்டறையின் பொறுப்பில் இருந்தது.

அங்கே உதவியாளராக இருந்தவர் வெள்ளையன். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர். மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரை படித்து, பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடத்தில் வேலைக்கு வந்தவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். அந்த நாளில் அவன், இவன் என்றுதான் பேசினேன். எழுதும்போதாவது அவர் என்று எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம். அதற்குள் ஒரு குறிப்பு எதிராக விழுந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர் ஊரிலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். முந்தின வருடம் அம்மையில் போன பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். அந்த அறையில் இருந்தது அவருக்கு வெறும் மருந்துப் பெட்டி இல்லை.

மறியல் தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் மிஷின் நின்றுபோனதாக போன் வந்தது. பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் மரம் போட்டிருந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

“எங்கண்ணா போற?”

“மருந்து ரூம்பு மிஷின் நின்னு போச்சுப்பா. புள்ளைங்களுக்குப் போடற மருந்து உள்ள இருக்குது.”

“ஏய், அண்ணன் சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வுடுங்கடா!”

நான்கு பேர் சைக்கிளைப் பையோடு தூக்கி மரத்துக்கு அப்பால் வைத்தார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஊரில் அன்றைக்கு அவர்களைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணால் நான் கண்டது இதுதான், அதனால் இதைத்தான் எழுதுகிறேன்.

போய்ப் பார்த்தால் கம்ப்ரசர் ‘உம்’ என்று முனகுகிறது, சில நொடியில் தானே நின்றுகொள்கிறது. மூடியைத் திறந்தேன். ரன் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் ஒரு வரி சொல்கிறேன். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது. உள்ளே இருக்கும் இரண்டாவது காயிலுக்குக் கரண்டை ஒரு கணம் முன்னே தள்ளிக் கொடுக்க வேண்டும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது மாதிரி. அந்த வேலையை கெபாசிட்டர் செய்கிறது. ரன் கெபாசிட்டர் என்றால் கிளப்பிவிட்டு ஒதுங்குவதில்லை, மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் கூடவே வேலை செய்கிறது. எவ்வளவு தள்ளவேண்டும் என்பதை அந்த மோட்டாரைச் செய்தவர்கள் அளந்து, ஒரு எண்ணாக அதன்மேல் அச்சடித்திருக்கிறார்கள். குறைந்தால் மோட்டார் திணறும். கூடினால் அந்த இரண்டாவது காயிலில் கரண்டு அளவுக்கு மேல் ஓடி, நிற்காமல் சூடேறும். ஓடுவது நன்றாகத்தான் இருக்கும், உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

பழைய கெபாசிட்டரில் இருந்த எண் முப்பத்தாறு மைக்ரோஃபாரட். என் பையில் இருந்தது பம்புசெட்டுக்குப் போடும் எழுபத்திரண்டு. வோல்டேஜ் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், நானூற்று நாற்பது. அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். எழுபத்திரண்டை எடுத்து மாட்டினேன்.

வெள்ளையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்ட பழையதை எடுத்துத் துணியால் துடைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணா, பழசுல முப்பத்தாறுன்னு போட்டுருக்குது. இதுல எழுவத்திரண்டுன்னு இருக்குதே. ஒண்ணும் ஆவாதா?”

“ஜாஸ்தி போட்டா நல்லா இழுக்கும்பா. கரண்டு கம்மியா வர்ற ஊருக்கு இதான் சரி. நீ டெம்பரேச்சர எழுதிக்கினு இரு, போதும்.”

“இல்லண்ணா, ரெண்டு பங்கா இருக்குதேன்னு கேட்டேன்.”

“நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?”

சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் ஒரே இழுப்பில் கிளம்பியது. பார்த்தியா என்பதுபோல அவரை ஒரு பார்வை பார்த்தேன். என்ன ஒரு பெருமை எனக்கு! நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. என் பையில் எழுபத்திரண்டு ஒன்று இல்லை, இரண்டு இருந்தன. ஒரே அளவுள்ள இரண்டு கெபாசிட்டரை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அளவு பாதியாகும் என்று உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எழுபத்திரண்டும் எழுபத்திரண்டும் அப்படிச் சேர்ந்தால் முப்பத்தாறு. கூட்டிக் கழித்துப் பார்க்கவே வேண்டாம், மிஷின் கேட்ட எண் அப்படியே வரும். சேலம் போகவேண்டாம், மறியல் முடியக் காத்திருக்கவேண்டாம், ஒரு துண்டு ஒயர் போதும். எனக்கு அது தெரியாமல் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். எண் பொருந்தவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் வாய்விட்டுச் சொன்ன பிறகும் யோசிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் கை தானாகவே பைக்குள் போயிருக்கும். மலைக்காரன் என்னைச் சோதிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வெள்ளையன் பட்டறைக்கு நடந்தே வந்தார். நான் எதிரே டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்து மறியல் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, மிஷினு நேத்திலேர்ந்து ரொம்பச் சுடுது. மேல கைய வெக்க முடியல. முன்னல்லாம் அப்டி இல்ல.”

“கம்ப்ரசர்னா சுடத்தான் செய்யும். ஐஸா இருக்கும் இன்னா?”

“உள்ள டெம்பரேச்சரு சரியாத்தான் இருக்குது. மிஷினுதான் சுடுது. ஒரு தபா வந்து பாத்துடுங்கண்ணா.”

“மலையில குளிர்லயே கெடந்தவன் நீ. உனுக்குக் கீழ எறங்குனா எல்லாமே சூடாத்தான் தெரியும்.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வந்த வழியே அத்தனை தூரமும் திரும்பி நடந்து போனார். ஒரு டீ சாப்பிட்டுப் போ என்றுகூட நான் சொல்லவில்லை.

மறுநாள் நான் போகவில்லை. சங்கராபுரம் பக்கம் ஒரு மோட்டார் வேலை வந்தது, போய்விட்டேன். அன்று மத்தியானம் கம்ப்ரசரின் காயில் எரிந்துபோனது.

பிறகு நடந்ததையெல்லாம் நான் மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மிஷின் நின்றதும் வெள்ளையன் பட்டறைக்குப் போன் செய்திருக்கிறார். நான் இல்லை. கிடங்கின் அதிகாரிக்குப் போன் செய்திருக்கிறார். அவர் மறியலுக்கு முன்பே சொந்த ஊருக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். குளிர் போய்விடக்கூடாதென்று அறைக் கதவைத் திறக்காமல் பூட்டி, எதிர்வீட்டுக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஐஸ் கம்பெனிக்குப் போயிருக்கிறார் வெள்ளையன். உமி போட்ட சாக்கில் ஐஸ் கட்டி வாங்கி, மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கிக் கடந்து, இரண்டு நடை கொண்டுவந்திருக்கிறார். மறியல்காரர்கள் அவருக்கும் கை கொடுத்திருக்கிறார்கள். கிடங்கில் இருந்த ஐஸ் பெட்டிகளில் மலைக்குப் போகவேண்டிய மருந்தை முதலில் வைத்து ஐஸ் போட்டார். பெட்டிகள் போதவில்லை. மீதி மருந்து வீணானது. இருக்கிறதில் எதைக் காப்பாற்றுவது என்று தனியாக நின்று முடிவெடுத்திருக்கிறார், சரியாகவும் எடுத்திருக்கிறார். உங்களில் எத்தனை பேருக்கு அது முடியும்? எனக்கு முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் சந்தேகம்தான்.

சாலை திறந்தது. அதிகாரி வந்தார். அறையில் எரிந்த வாடை, வீணான மருந்து. மேலே பதில் சொல்லவேண்டும். பதில் சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆள் ஏற்கனவே வராந்தாவில் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

என்னையும் எங்கள் முதலாளியையும் வரச் சொன்னார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காபி வந்தது. அதிகாரி டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். ‘போதிய அறிவற்ற ஊழியர் இயந்திரத்தை முறையின்றிக் கையாண்டதாலும், பணியிடத்தைப் பூட்டிவிட்டு வெளியே சென்றதாலும்’ என்று அதில் இருந்தது. மெக்கானிக் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடவேண்டும்.

“மலையில ஆடு மேய்ச்சிக்கினு இருந்தவன கோட்டாவுல கொண்டாந்து மிஷினாண்ட உக்கார வெச்சா இதான் ஆவும். இப்ப ஊரே கோட்டா கேட்டுக்கினு ரோட்ல நிக்குது. இன்னா சொல்றீங்க மெக்கானிக்? வேலை தெரிஞ்சவங்க நீங்க, நீங்களே சொல்லுங்க.”

வேலை தெரிந்தவன்! அந்த மிஷினின் மூடியைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும், நான் போட்ட எழுபத்திரண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. திருகாணி இரண்டுதான். அந்த அறையிலிருந்து அது பத்தடி தூரம். யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஒதுக்கீட்டில் வந்தவர் கெடுத்தார் என்பது அவர்களுக்கு எரிந்த வாடை வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் வேலை தெரியாமல் கெடுத்தவன் நான். எனக்குக் காபி.

முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். “போடுப்பா. நம்மளப் பத்தி அதுல ஒண்ணும் எழுதல இல்ல?” என்றார் மெதுவாக.

கையெழுத்துப் போட்டேன்.

ஆமாம், போட்டேன். மேடையில் பேசியவருக்கு இந்த இடம் தெரியாது. பயந்து போட்டேன் என்று சொன்னால் அதுகூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் பாதிதான். மீதிப் பாதி, தப்பு என்னுடையது என்று யாருக்கும் தெரியவில்லையே என்ற நிம்மதி. நான் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வெளியே வந்தேன். வெள்ளையன் நின்றிருந்தார். கையில் ஒரு நீளமான நோட்டு, தினமும் மூன்று வேளை டெம்பரேச்சர் எழுதும் நோட்டு. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று, “அது இன்னா நோட்டு?” என்று கேட்டேன்.

விரித்துக் கொடுத்தார். மணி மணியான எழுத்து. மறியலின் இரண்டாம் நாளுக்கு நேராக இப்படி இருந்தது: ‘கெபாசிட்டர் மாற்றப்பட்டது. பழையது 36. புதியது 72. இரண்டு பங்காக இருக்கிறதே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். சரி என்றார்.’ மூன்றாம் நாளுக்கு நேராக, ‘மிஷின் மேல் சூடு அதிகம்.’ நான்காம் நாள், ‘கள்ளக்குறிச்சி சென்று மெக்கானிக்கிடம் நேரில் சொன்னேன். நாளை வருவதாகச் சொன்னார்.’ ஐந்தாம் நாள், ‘மெக்கானிக் வரவில்லை.’ அதற்குக் கீழே, மிஷின் நின்ற மணி, ஐஸுக்குப் போன மணி, திரும்பி வந்த மணி, பெட்டிக்குள் இருந்த டெம்பரேச்சர், எல்லாம்.

என் மேல் ஒரு குற்றச்சாட்டு வார்த்தைகூட இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். மெக்கானிக், மெக்கானிக் என்று வரிக்கு வரி நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இத அவராண்ட காட்னியா?”

“மூணு தபா நீட்னேன். வெளிய நில்லுன்னுட்டாரு. கையில வாங்கவே இல்ல.”

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. எவ்வளவு தாமதமாக வந்தது பாருங்கள். அதுவும் முதலில் அதிகாரி மேல் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர், இருபத்தைந்து வருட உத்தியோகம், நீட்டிய நோட்டை வாங்கிப் பார்க்க முடியவில்லையா? அந்தக் கோபத்தோடேதான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். போகிற சில அடி தூரத்தில் அது என்மேலேயே திரும்பிவிட்டது. என்னிடமும்தானே அவர் இரண்டு எண்ணை நீட்டினார்? நான் வாங்கினேனா?

“இன்னாப்பா திரும்பி வர்ற?” என்றார் முதலாளி.

நோட்டை விரித்தபடி அதிகாரியின் மேஜையில் வைத்தேன். “சார், இதைப் பாருங்க” என்றேன்.

பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“இத யாரு எழுதனது?”

“வெள்ளையன் சார்.”

“அவனா? இவ்ளோ வெவரமாவா?” என்று நோட்டை மறுபடி பார்த்தார். “இதுல இருக்கறது உண்மையா?”

“உண்மை சார். கெபாசிட்டர் போட்டது நான். அளவு தப்பு. அவரு கேட்டாரு, நான்தான் வாய அடைச்சேன். சுடுதுன்னு வந்து சொன்னாரு, நான் போவல. மிஷின் மூடிய வேணும்னா இப்பவே கழட்டிக் காட்டறேன்.”

“உனுக்கு அவன் இன்னா வேணும்? யாருக்கானா பயந்துக்கினு சொல்றியா?”

நான் சொல்வது உண்மையாக இருக்கும் என்பதைத் தவிர எல்லாக் காரணத்தையும் அவரால் யோசிக்க முடிந்தது. மூடியைக் கழற்றிக் காட்டினேன். திருகாணி இரண்டுதான். தாளை வாங்கி என் கையெழுத்தை அடித்து, கீழே என் தப்பை என் கையாலேயே எழுதினேன். முதலாளி எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து பட்டறைக்கு வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார். நான் நைனார்பாளையத்துக்கே போய்க் கொஞ்ச காலம் பம்புசெட் காயில் கட்டினேன். அப்புறம்தான் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். மேடையில் இதைத் தியாகம் என்றார்கள். தப்பு செய்த மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்புவது எந்த ஊரிலும் நடக்கிற சாதாரண விஷயம்.

வெள்ளையனுக்கு வேலை நிலைத்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்த இரண்டு குற்றத்தில் ஒன்றைத்தான் நீக்கினார்கள். பணியிடத்தைப் பூட்டிவிட்டு வெளியே போனதற்கு, வேலையைப் பறிக்காத அளவுக்கு, ஓர் எச்சரிக்கை மெமோ கொடுத்தார்கள். ஐஸ் வாங்கப் போனவருக்கு! மறியல் நாளில் மரம் மரமாகத் தாண்டி மருந்தைக் காப்பாற்றியவருக்கு! நாள்கணக்கில் சொந்த ஊரில் இருந்துவிட்ட அதிகாரிக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. அந்தத் தாள் கடைசிவரை அவருடைய ஃபைலில் இருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எத்தனை வருடம் போனாலும் இது எனக்கு ஆறாது. ஆறவும் கூடாது.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்கு உங்கள் கையில் மீட்டர் இருக்கிறது. கெபாசிட்டரின் அளவு சொற்பம் குறைந்தாலே காட்டிவிடும். ஸ்பேர் வேண்டுமென்றால் போன் போட்டால் மறுநாள் வந்துவிடுகிறது. ஆனால் எண்ணைக் குனிந்து பார்ப்பது உங்கள் கழுத்துதான். ‘பழையதில் ஒன்று இருக்கிறது, புதியதில் வேறு இருக்கிறதே’ என்று யாராவது கேட்டால், வாட்ச்மேனாக இருந்தாலும், கூட்டிப் பெருக்குகிறவராக இருந்தாலும், வேலையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அவர் கேட்பது தப்பாக இருந்தால் உங்களுக்கு ஒரு நிமிடம்தான் நஷ்டம். ‘நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா’ என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். பதில் அவர் நோட்டில் இருந்தது.

இனி யாரும் அந்தக் கதையை மேடையில் சொல்லவேண்டாம். சொல்லியே தீரவேண்டும் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று அந்த அறையிலிருந்து வெளியே வந்து, வெள்ளையனிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “ஒண்ணும் ஆவாது, எல்லாம் சொல்லிட்டேன், படிச்சிட்டாரு” என்றேன். உள்ளுக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

“எழுதனது நானு. நீட்னதும் நானு. உங்க கைக்குப் போனப்புறந்தான் அவருக்குக் கண்ணு தெரிஞ்சுது. அதுக்கு நான் உங்களுக்கு நன்றி வேற சொல்லணுமாண்ணா?”